ஃபால்அவுட் 2: எந்த ஊரில் நிறுத்தினீர்கள்?

கேள்வி இதுதான்: “தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு ஃபால்அவுட் விளையாட்டுகளின் பக்கம் வந்தேன். பழைய ஆட்டக்காரர்கள் பலரும் 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். வாங்கினேன். ஒரு மணி நேரம் எறும்பையும் தேளையும் ஈட்டியால் குத்திவிட்டு மூடிவிட்டேன். வேறு சிலரும் இதையேதான் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? உண்மையிலேயே நல்ல ஆட்டமா, பழசு என்பதால் வரும் பாசமா?”

மேற்கு மாம்பலத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றி, இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கும்போது திரையில் என்னென்ன ஆட்டங்கள் இருக்கின்றன என்பது தானாகக் கண்ணில் படும். அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட்டின் படம் தெரிந்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாது. இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆட்டத்தைப் பற்றிப் பலரிடம் பேசியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஃபால்அவுட் 2 அருமை என்றாலும் குப்பை என்றாலும் நான் முதலில் கேட்பது, “எந்த ஊரில் நிறுத்தினீர்கள்?” என்பதைத்தான். பதில் வந்தவுடன் அவர் கருத்தின் மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன்.

காரணம் ஆட்டம் உருவான விதத்தில் இருக்கிறது. முதல் ஃபால்அவுட் 1994-இல் டிம் கெய்ன் என்ற நிரலாளர் ஏறக்குறைய தனியாளாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஆள் சேர்ந்து, 1997 அக்டோபரில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அதற்கு அடுத்த அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ ஒரே ஆண்டு வேலை. அதற்கு நடுவில், 1998 தொடக்கத்தில், முதல் ஆட்டத்தின் மூளைகளாக இருந்த டிம் கெய்ன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் இன்டர்பிளே நிறுவனத்தை விட்டு வெளியேறி ட்ரொய்கா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். இன்டர்பிளேயின் பிளாக் ஐல் பிரிவில் மிச்சமிருந்த குழுவினர் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டு எழுதினார்கள். நியூ ரீனோவை கிறிஸ் அவெலோன் எழுதினார், வேறு ஊர்களை வேறு ஆட்கள். கூட்டுக்குடும்பத்தில் ஆளுக்கொரு அறைக்கு ஆளுக்கொரு நிறத்தில் சுண்ணாம்பு அடித்த வீடு போல ஆகிவிட்டது. ஓர் ஊரில் அரசியல், அடுத்த ஊரில் நையாண்டி, அதற்கடுத்ததில் அவசரத்தில் விட்டுப்போன காலி இடம். எனவே ‘ஃபால்அவுட் 2 எப்படி’ என்று கேட்பது ‘தமிழ்நாட்டுச் சாப்பாடு எப்படி’ என்று கேட்பது மாதிரி. எந்த ஊரில் இறங்கிச் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் இறங்கியது கோயிலில். ஆட்டத்தின் முதல் இடமான அந்தச் சோதனைக் கோயிலுக்கு ஆதரவாகப் பேசும் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த ஆட்டத்தை நூறு முறை முடித்தவரும் முதல் மணி நேரத்தில் விட்டவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் அதுதான். ஏன் அது எரிச்சலூட்டுகிறது என்றால், தொடங்கும் முன் ஆட்டம் உங்களிடம் ஓர் உறுதிமொழி கொடுக்கிறது. வலிமை, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என ஏழு குணங்களைப் பிரித்துக்கொள்ளலாம். பதினெட்டுத் திறன்களில் மூன்றைச் சிறப்பாகத் தேர்ந்துகொள்ளலாம். பேச்சாளியாக, திருடனாக, மருத்துவனாக, துப்பாக்கிக்காரனாக, எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்கிறது. நீங்களும் அரைமணி நேரம் யோசித்து நாவன்மையும் துப்பாக்கியும் உள்ள ஆளை உருவாக்குகிறீர்கள். உடனே கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து, பேசத் தெரியாத எறும்புகள் நிறைந்த இருட்டு மண்டபத்தில் தள்ளிவிடுகிறது. உள்ளே துப்பாக்கி கிடையாது. பேசுவதற்குக் கடைசி வாசலில்தான் ஒரே ஒரு ஆள் நிற்கிறான். அவனைப் பேசியே வழிவிடச் செய்யலாம், அவன் சாவியைத் திருடவும் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடித்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே நீங்கள் சலித்தது நியாயமே. உங்கள் கருத்து கோயிலைப் பற்றிய கருத்து. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அடுத்த நிறுத்தம் கிளமத், அதற்கடுத்து டென். இங்கே நிறுத்தியவர்கள் ‘பிழைகள் மலிந்த ஆட்டம்’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. கார் வாங்கியபின் வண்டி ஓரிடத்திலும் அதன் டிக்கி மட்டும் தனியாக இன்னோரிடத்திலும் நின்ற காட்சியை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் பெரிய அவமானம் டென்னில் நடந்தது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

ரிச்சி தெரு நடைபாதையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய குறுந்தகடு அது. கள்ளப் பிரதிதான், பிற்காலத்தில் இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிப் பாவத்தைக் கழுவிக்கொண்டேன். டென் ஊருக்குள் நுழைந்து இரண்டு கடை ஏறி இறங்கினால் பையில் இருந்த மருந்து ஊசிகள் குறையும். திரும்ப ஏற்றி ஆடினால் இம்முறை தோட்டாக்கள் குறையும். பக்கத்தில் ஆளே இல்லை. ஆனால் காற்றில் மட்டும் அவ்வப்போது யாரோ பேசுவதுபோல் எழுத்துகள் மிதக்கும். தகட்டில் கீறல் என்று நினைத்தேன், ராம் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். மூன்று வாரம் கழித்து, வேறொரு பிரதி வைத்திருந்த மாடிவீட்டு நண்பர் வீட்டில் அதே ஊரைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கடை வாசல்களில் சிறுவர்கள் நிற்கிறார்கள், கடந்து போகிறவர்களிடம் ஜேப்படி செய்கிறார்கள். ஆட்டத்தில் குழந்தைகளைக் கொல்ல முடியும் என்பதால் ஐரோப்பாவில் விற்ற பதிப்பில் குழந்தைகளின் உருவத்தை மட்டும் மறைத்துவிட்டிருக்கிறார்கள்; அவர்களின் கையை மறைக்க மறந்துவிட்டார்கள். என் தகடு அந்தப் பதிப்பின் நகல். மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத பையன்களிடம் பறிகொடுத்துக்கொண்டு, ராமைத் துடைத்திருக்கிறேன். கணினி பழுது பார்ப்பவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

டென்னைத் தாண்டினால் கருத்துகள் மாறத் தொடங்கும். மோடாக் என்ற சின்ன விவசாய ஊர் இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் கம்பங்களில் பிணங்கள் குத்தி நிறுத்தப்பட்டிருக்கின்றன, பேய்கள் உலவுகின்றன, போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவை பொம்மைகள். பூமிக்கடியில் வாழும் ஒரு பயந்த சனம், வெளியாட்களை விரட்டுவதற்காக வைத்த சோளக்கொல்லைப் பொம்மைகள். இரு தரப்புக்கும் நடுவில் நீங்கள் தூது போகவேண்டும். சொதப்பினால் ஊரே அழியும். இதில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. ‘ஓ, இப்படியும் ஆடலாமா’ என்று நிமிர்ந்து உட்காரும் இடம் பெரும்பாலோருக்கு இதுதான்.

அதன்பின் வருவது வால்ட் சிட்டி. அணுப்போருக்கு முன் கட்டிய ‘வால்ட்’ என்ற பாதுகாப்புக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் கட்டிய, பளிச்சென்று சுத்தமான ஊர். வாசலில் ஒரு வெளிமுற்றம், அங்கே வெளியாட்கள். உள்ளே போக அனுமதிச் சீட்டு. குடிமகனாக ஒரு தேர்வு இருக்கிறது. சாதாரண மூளைக்காரன் தேற முடியாத தேர்வு. உள்ளே அடிமைகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை வேலையாட்கள் என்றுதான் அழைக்கவேண்டும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த வாசல் புதிதாக இருக்காது. “சொந்த ஊர் எது? வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?” என்று இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்கும் குரல் எனக்கு அங்கே கேட்டது. முதல் குடிமகள் லினெட் பேசுவதைக் கேளுங்கள். ஒரு சொல்கூடத் தகாத சொல்லாக இருக்காது. ஆனால் பேசி முடித்ததும் நமக்குக் கை கழுவவேண்டும் போல இருக்கும்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் கெக்கோ. கதிர்வீச்சில் தோல் உரிந்தும் சாகாமல் வாழும் ‘கூல்’ மனிதர்கள் ஒரு பழைய அணு உலையை ஒட்டுப்போட்டு நடத்துகிறார்கள். அதிலிருந்து கசியும் விஷம் நிலத்தடி நீர் வழியாக வால்ட் சிட்டிக்கு வருகிறது. என்ன செய்யலாம்? உலையை வெடிக்க வைக்கலாம். ஓர் உதிரிபாகத்தைக் கொண்டுவந்து பழுது நீக்கலாம். இன்னும் மெனக்கெட்டால் உலையைச் செம்மையாக ஓடவைத்து, மின்சாரத்தைக் காரணமாக வைத்து இரண்டு ஊரையும் ஒன்றுக்கொன்று தேவைப்படும்படி செய்யலாம். இதற்கிடையே வால்ட் சிட்டியைத் தாக்கும் கொள்ளைக்கூட்டத்தின் கணக்குப் புத்தகம் உங்கள் கையில் சிக்கினால், அவர்களுக்குப் பணம் போவது தொலைவில் உள்ள நியூ ரீனோவின் பிஷப் குடும்பத்திடமிருந்து என்று தெரியவரும். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வால்ட் சிட்டியை விழுங்கப் பார்க்கும் புதிய கலிபோர்னியக் குடியரசின் அரசியல். ஆட்டம் இந்த முடிச்சுகளை வரிசையாக எடுத்துச் சொல்லாது. நீங்கள் ஊர் ஊராக நடந்து, கேட்டு, பொருத்திக்கொள்ளவேண்டும். பொருந்தும் நொடியில் வரும் சுகத்துக்காகத்தான் நாற்பதைத் தாண்டிய ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்கிறது. இந்தப் பகுதியில் நிறுத்தியவர்களோ, இதையே நினைவில் வைத்திருப்பவர்களோ, ‘இதுபோல் இன்னொன்று வரவில்லை’ என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். என் தீர்ப்பை எடைபோடும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நியூ ரீனோவில்தான் வாக்குகள் சரிபாதியாகப் பிரியும். சூதாட்டம், போதை, குத்துச்சண்டை, நான்கு குற்றக் குடும்பங்கள். ஒரு குடும்பத்தில் உறுப்பினராகலாம். குத்துச்சண்டை மேடையில் ஏறி வெல்லலாம். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைகளைத் தோண்டலாம். ஒரு சாராருக்கு இது ஆட்டத்தின் உச்சம். இன்னொரு சாரார், போருக்குப் பின் சாம்பலில் பிழைக்கும் மனிதர்களின் கதையில் திடீரென்று கோட்டு போட்ட தாதாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பார்கள். எனக்கு ஊர் பிடிக்கும். அந்த ஊர் எழுதப்பட்ட விதத்தில் ஆபாசத்தை வேடிக்கை என்று எண்ணிக்கொண்ட இளைஞர்களின் வாடை கொஞ்சம் அடிக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர், ஃபால்அவுட் 4-ல் பழகிவிட்டுப் பின்னோக்கி வந்தவர், பெண் பாத்திரத்தை எடுத்து ஆடியபோது ரீனோ தெருவில் நடப்பதே அலுப்பாக இருந்தது என்றார். ஆண் பாத்திரமாகவே ஆடிய எனக்கு அது இத்தனை ஆண்டுகளில் தோன்றவில்லை. அவர் சொன்னபின் மறுமுறை பெண்ணாக ஆடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நகைச்சுவை பற்றிய புகாரும் இங்கேதான் சூடுபிடிக்கும். முதல் பாகம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, எப்போதாவது உதட்டோரம் சிரிக்கும். இரண்டாம் பாகம் பந்தியில் உட்கார்ந்த மாமா மாதிரி, இரண்டு வாய்க்கு ஒரு ஜோக். புரோக்கன் ஹில்ஸ் ஊரில் சதுரங்கம் ஆடும் தேள் ஒன்று இருக்கிறது; பேசும் செடி ஒன்று இருக்கிறது. டென்னில் ஒரு நிஜமான ஆவி. அணுப்போர் உலகத்தின் இறுக்கத்தை நம்பி வந்தவர்களுக்கு இது துரோகமாகப்படும். எனக்கும் பாதி ஜோக்குகள் பிடிக்காது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி தெரியாதவனுக்கு அவை ஜோக் என்பதே விளங்காது.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். முதல் ஆட்டத்தின் கொடூர மிருகமான டெத்கிளா, இங்கே வால்ட் 13-க்குள் பேசுகிறது. பேசுவது மட்டுமா, குடும்பமாக வாழ்கிறது, அகதிகளுக்கு இடம் கொடுக்கிறது. முதலில் பார்த்தபோது ‘இது என்ன கூத்து’ என்று நானும் சிரித்தேன். தேவையான பொருளை வாங்கிக்கொண்டு கிளம்பி, வேறு வேலைகளை முடித்துவிட்டுச் சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அத்தனை பேரும் செத்துக் கிடந்தார்கள். முட்டைகள் இருந்த அறை உட்பட. செய்தது மனிதர்கள். அதன்பின் அந்தப் பேச்சை நான் ஜோக் கணக்கில் வைப்பதில்லை. வால்ட் 13-க்குத் திரும்பிப் போகாமலே ஆட்டத்தை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்றுவரை ‘பேசும் டெத்கிளா முட்டாள்தனம்’ என்கிறார்கள். ஒரே ஆட்டம்தான்; ஒரு கதவைத் திரும்பத் திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் இரண்டு கருத்து.

கடைசிப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவசரம் பல் இளிக்கிறது. என்கிளேவ் என்ற பழைய அமெரிக்க அரசின் எச்சம், கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் இருக்கிறது. அங்கே போய் முடிக்கவேண்டும். முதல் பாகத்தின் இறுதி எதிரியை, சரியான ஆதாரம் இருந்தால், ஒரு தோட்டாவும் செலவில்லாமல் பேசியே அவன் தோல்வியை அவனே ஒப்புக்கொள்ளும்படி செய்ய முடியும். இங்கே ஃபிராங்க் ஹொரிகன் என்ற இரும்பு மலை நிற்கிறது, 999 உயிர்ப் புள்ளிகளுடன். விஞ்ஞானியைப் பேச்சால் மடக்கலாம், ஒரு படைப்பிரிவைப் பேசி உங்கள் பக்கம் திருப்பலாம், அங்கிருக்கும் தானியங்கித் துப்பாக்கிகளை அவன்மேல் ஏவலாம். ஆனால் ஹொரிகனோடு பேசித் தீர்க்க வழியில்லை. பேச்சாளியாகவே எழுபது மணி நேரம் வாழ்ந்த ஒருவருக்கு இது எப்படி இருக்கும்? என் மைத்துனர் அப்படித்தான் ஆடினார். வங்கி அதிகாரி, வீட்டிலும் வாயால்தான் வெல்வார். ஹொரிகன் முன் ஒன்பது முறை செத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, இன்றுவரை முடிக்கவில்லை. அவரிடம் கேட்டால் ‘ஏமாற்று வேலை’ என்பார். தொடக்கத்தில் கொடுத்த உறுதிமொழியைக் கோயிலில் மீறிய அதே தவறு கடைசி வாசலிலும் நடக்கிறது என்பதால், நானும் அவரை மறுப்பதில்லை.

முதல் பாகமா இரண்டாம் பாகமா என்ற சண்டை தனி. முதல் பாகத்தில் உங்கள் நிலத்தடிக் காப்பகத்தின் தண்ணீர்ச் சில்லு பழுதாகிவிடும். 150 நாட்களுக்குள் புதிது கொண்டுவரவேண்டும். தண்ணீர் வண்டிக்காரர்களுக்குப் பணம் கட்டினால் கூடுதலாக 100 நாள் கிடைக்கும். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் பூண்டியும் சோழவரமும் காய்ந்து கிடந்தபோது, லாரி எண்ணிக்கையையும் குடத்தின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டு தெருவில் நின்ற எனக்கு, அந்த ஆட்டத்தை எழுதியவர்கள் எங்கள் தெருவுக்கு வந்துபோனவர்களோ என்று தோன்றியது. இரண்டாம் பாகமும் வறட்சியில்தான் தொடங்குகிறது. கதை நடப்பது 2241-இல். முதல் நாயகனின் வழித்தோன்றலான நீங்கள், காய்ந்து போகும் அரோயோ கிராமத்துக்காக நிலத்தை விளையவைக்கும் ஒரு பழங்காலப் பெட்டியைத் தேடிக் கிளம்புகிறீர்கள். ஆனால் இங்கே கெடு 13 ஆண்டுகள். கெடு என்றே உறைக்காது. கிராமத்தில் மாடு சாகிறது என்று கனவில் பூசாரி வந்து அழுவார். நீங்கள் ரீனோவில் சீட்டாடிக்கொண்டிருப்பீர்கள். முதல் பாகம் பிடித்தவர்கள் அந்த இறுக்கத்துக்காக அதை நேசிக்கிறார்கள். இரண்டாம் பாகம் பிடித்தவர்கள் அந்தத் தளர்ச்சிக்காக. இரண்டையும் ஒருவரே ஒரே அளவில் நேசிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகம் தெளிவாக மேம்பட்ட இடம் ஒன்று உண்டு, அதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: துணைவர்கள். முதல் ஆட்டத்தில் கூட வருகிறவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் நீங்கள் உள்ளேயே கிடக்கவேண்டியதுதான். இதில் தள்ளிவிடலாம், எப்போது சுடவேண்டும், எவ்வளவு அடிபட்டால் ஓடவேண்டும் என்று சொல்லிவைக்கலாம். கிளமத்தில் சூலிக் என்ற பழங்குடி இளைஞன் ஒரு கடனுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறான். 350 டாலர் கட்டி மீட்டால் கூட வருவான். இந்த ஆட்டத்தில் நான் செய்த மிகச் சிறந்த முதலீடு.

தொடரிலிருந்தும் ஃபால்அவுட் 3, 4-லிருந்தும் வருகிறவர்களுக்கு இன்னொரு தடை. 2004-இல் பெதெஸ்டா நிறுவனம் உரிமம் பெற்று, 2007-இல் முழு உரிமையையும் வாங்கி, 2008-இல் வெளியிட்ட மூன்றாம் பாகத்திலிருந்து நாம் கண்ணால் நேராகப் பார்த்துச் சுடுகிறோம். இரண்டாம் பாகத்தில் மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். சண்டையில் ஆளுக்கொரு முறை, தாயம் மாதிரி. உங்கள் சுறுசுறுப்பு கூடக் கூட அசைவுகளும் கூடும். பழகாதவர் குறிவைத்துச் சுட்டும் குண்டு படவில்லையே என்று கோபப்படுவார். படுமா என்பதைக் கணக்கு தீர்மானிக்கிறது, உங்கள் சுட்டியல்ல. பழைய குழுவில் சிலர் பின்னர் அப்சிடியன் நிறுவனத்தில் சேர்ந்து 2010-இல் நியூ வேகஸ் செய்தார்கள். நேராகப் பார்க்கும் ஆட்டத்தில் இரண்டாம் பாகத்தின் ஊர் அரசியல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் அதிலிருந்து தொடங்குவதும் ஒரு வழி. புரோக்கன் ஹில்ஸ் ஷெரீஃப் மார்கஸ் அதிலும் வருகிறார், வயதாகி.

போகிற போக்கில் நம் ஊருக்கென்று ஒரு செய்தி. மூன்றாம் பாகத்தை எக்ஸ்பாக்ஸ் 360-க்கு இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று 2008-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் காரணம் என்றார்கள். ஆட்டத்தில் உள்ள இரட்டைத் தலை மாட்டின் பெயர் ‘பிராமின்’ என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எல்லாரும் ஊகித்தார்கள். அந்த மாடு இரண்டாம் பாகத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்ற தகடுகளுக்கு எந்த அறிவிப்பும் கிடையாது. அமெரிக்காவில் ‘பிராமன்’ என்றொரு மாட்டினமே இருக்கிறது. திமிலுள்ள நம் நாட்டு மாடுகளை வைத்து உருவாக்கியது. அதில் நெல்லூர் மாட்டின் ரத்தமும் உண்டு. சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் மேய்ந்த மாடு, கடல் தாண்டிப் போய், அணுகுண்டு வாங்கி, இரண்டு தலையோடு கணினிக்குள் திரும்பி வந்திருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அழித்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்கி, சுறுசுறுப்பை 9-க்கு மேல் வையுங்கள். அறிவை 7-க்குக் கீழே இறக்காதீர்கள். எல்லாக் குணத்திலும் ஒரு புள்ளி கூட்டித் தரும் ‘கிஃப்டட்’ என்ற பண்பை எடுத்துக்கொள்ளுங்கள். திறன்கள் சற்றுக் குறையும், தாங்கும். நாவன்மை, சிறு துப்பாக்கி இரண்டும் சிறப்புத் திறன்கள். மூன்றாவது உங்கள் விருப்பம். கோயிலில் எறும்புகளோடு மல்லுக்கு நிற்காமல் ஓடுங்கள், ஓடினால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். கடைசி ஆளிடம் பேசுங்கள். முன்பு வெட்டி விடப்பட்ட பகுதிகளைச் சேர்த்து, பிழைகளையும் திருத்தி ரசிகர்கள் செய்த மீட்புத் திருத்தம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. முதல் முறை ஆடும்போது அதன் பிழைதிருத்தங்கள் மட்டும் போதும், கூடுதல் ஊர்களில் சில அலைக்கழிக்கும். சேமிக்கும் இடங்கள் பத்து. பத்தையும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றிலேயே மேலே மேலே சேமித்துவிட்டு என் கடைக்கு வந்து ‘மீட்டுத் தர முடியுமா’ என்று கேட்டவர்கள் உண்டு; முடியாது.

வால்ட் சிட்டி வாசல் வரை போங்கள். அதற்குப் பிறகும் சலித்தால் உங்கள் கருத்தை நான் முழுதாக ஏற்கிறேன், விற்றுவிடுங்கள் என்று சொல்ல இதில் தகடுகூட இல்லை. இரண்டாம் முறை ஆடத் தோன்றினால் அறிவை 3-இல் வைத்து ஒரு ஆளைச் செய்யுங்கள். ஊரே உங்களை மந்தமான ஆளாக நடத்தும், நீங்கள் உறுமத்தான் முடியும். ஆனால் கிளமத்தில் டோர் என்ற, எல்லாரும் அசடு என்று ஒதுக்கும் ஒரு மாட்டுக்காரன் இருக்கிறான். அவனிடம் போய்ப் பேசுங்கள். இரண்டு பேரும் பேராசிரியர்கள் மாதிரி உரையாடுவீர்கள். இந்த ஆட்டத்தின் ஜோக்குகளில் எனக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று அது.

டென்னில் கடை வாசலில் நிற்கும் பையன்கள் உங்கள் பதிப்பில் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் ராமைக் கழற்றாதீர்கள்.